கற்பூரத்திலும் சகப்பிணைப்பு, வைரத்திலும் சகப்பிணைப்பு: அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பிளஸ் டூ படிக்கும் தங்கைக்காக மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. திடநிலைப் பாடத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. அயனிப் படிகம், சகப்பிணைப்புப் படிகம், உலோகப் படிகம், மூலக்கூறு படிகம் என்று நாலு கட்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே கடினமானது, நொறுங்கும், மின்சாரம் கடத்தும், கடத்தாது என்று வரிசையாகப் போட்டிருக்கும். தங்கை அதை மனப்பாடம் செய்துவிட்டதாம். ஆனால் வைரத்தில் இருப்பதும் சகப்பிணைப்பு (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு போடும் கட்டு), கற்பூரத்தில் இருப்பதும் சகப்பிணைப்பு என்றால் ஒன்று கண்ணாடியை அறுக்கிறது, இன்னொன்று டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றோடு போய்விடுகிறதே, எப்படி என்று கேட்டதற்கு டியூஷனில் "அது வேற டைப்" என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. கூடவே, பிளாஸ்டிக் இந்த நாலில் எதில் சேரும் என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கை கேட்டது நல்ல கேள்வி. அட்டவணையில் "பிணைப்பு வலுவானது, ஆகவே கடினமானது" என்று படித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம். எந்தத் திடப்பொருளைப் பார்த்தாலும் முதலில் கேட்கவேண்டியது, அதற்குள் எவ்வளவு வலுவான பிணைப்பு இருக்கிறது என்பதல்ல. உருக்கும்போதோ உடைக்கும்போதோ வளைக்கும்போதோ எந்தப் பிணைப்பு அறுபடுகிறது என்பதுதான். அப்புறம் இன்னொன்று: அந்தப் பிணைப்பு திசை பார்க்குமா, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்குமா, இல்லை யார் வந்து நின்றாலும் சரி என்று விட்டுவிடுமா. இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் அட்டவணையை நாமே எழுதிக்கொள்ளலாம்.

சூடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு சூட மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன், ஆக 27 அணுக்கள். இந்த 27-ஐயும் ஒன்றோடொன்று கட்டிவைத்திருப்பது சகப்பிணைப்பு. வைரத்தில் இருப்பதற்குப் பெரிதாக இளைத்ததல்ல. ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் நடுவே சகப்பிணைப்பு எதுவும் கிடையாது. அங்கே இருப்பது வாண்டர் வால்ஸ் விசை என்ற லேசான ஒட்டல் மட்டும். திறந்த தட்டில் சூடக்கட்டி நாளாக நாளாக இளைக்கிறது என்றால் மூலக்கூறுகள் முழுசு முழுசாகக் கழன்று போகின்றன என்று பொருள். உள்ளே ஒரு சகப்பிணைப்புகூட அறுவதில்லை. நம் மூக்குக்கு வந்து சேர்வது அதே 27 அணு மூலக்கூறு, அதனால்தான் அதே வாசனை. ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் நிலையான அளவு) சூடத்தை இப்படி ஆவியாக்க ஏறக்குறைய 50 கிலோஜூல் போதும். வைரத்தில் மூலக்கூறு என்று தனியாக எதுவுமே இல்லை. ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு, அவை ஒவ்வொன்றும் மேலும் நான்கோடு என்று கல்லின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே பின்னல். அங்கிருந்து ஒரு மோல் கார்பனைப் பிரித்தெடுக்க சகப்பிணைப்புகளையே அறுத்தாக வேண்டும், 700 கிலோஜூலுக்கு மேல் ஆகும். தீக்குச்சியைக் காட்டி சூடத்தைக் கொளுத்தினீர்கள் என்றால் கதை வேறு. அப்போது உள்ளே இருக்கும் சகப்பிணைப்புகளும் அறுந்து புதிதாகக் கட்டப்படுகின்றன, அது எரிதல். சூட டப்பாவில் நாலு மிளகு போட்டுவைத்தால் கரையாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் கணிப்பில் அங்கே வேலை செய்வது இறுக்கமான மூடிதான், மிளகு இல்லை.

சர்க்கரையும் மூலக்கூறு படிகம்தான், ஆனால் அது காற்றில் போவதில்லை. காரணம், ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதிகள் எட்டு இருக்கின்றன. பக்கத்து மூலக்கூறுகளோடு அவை ஹைட்ரஜன் பிணைப்புகள் போட்டுக்கொள்கின்றன, அதாவது ஒன்றின் ஹைட்ரஜனை இன்னொன்றின் ஆக்சிஜன் இழுத்துப் பிடிக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்புக்கு மோலுக்கு 20 கிலோஜூல் அளவுதான் வலு என்றாலும் பலவாகச் சேரும்போது கணக்கு ஏறிவிடுகிறது. எவ்வளவு ஏறுகிறது என்றால், பாகு காய்ச்சும்போது 186 டிகிரியை நெருங்கும் நேரத்தில் சர்க்கரை உருகவும் செய்கிறது, கூடவே பழுப்பாகவும் ஆகிறது. அதாவது மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கும் கட்டு அவிழ்வதற்கும் மூலக்கூறே சிதைய ஆரம்பிப்பதற்கும் இடைவெளி இல்லாமல் போகிறது.

இப்போது எனக்குப் பிடித்த உதாரணம். கார்பனும் சிலிக்கானும் தனிம வரிசை அட்டவணையில் மேலும் கீழுமாக ஒரே தொகுதி. இரண்டும் ஆக்சிஜனோடு ஒன்றுக்கு இரண்டு என்ற அதே விகிதத்தில்தான் சேர்கின்றன. கார்பன் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு, நாம் மூச்சில் விடும் வாயு. அதை உறையவைத்து உலர்பனி ஆக்கினாலும் மைனஸ் 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். சிலிக்கான் சேர்ந்தால் குவார்ட்ஸ், அதாவது கொள்ளிடத்து மணல். அதை உருக்க 1,700 டிகிரி பக்கம் போகவேண்டும். எது வலுவான பிணைப்பு என்று நினைக்கிறீர்கள்? கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு மோலுக்கு ஏறத்தாழ 800 கிலோஜூல். மணலில் இருக்கும் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு 450. வலுவான பிணைப்பு வாயுவில் இருக்கிறது! கார்பன் இரண்டு ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு போட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறது, வெளியே நீட்ட கை மிச்சமில்லை. சிலிக்கானுக்கு ஆக்சிஜனோடு அப்படி இரட்டைப் பிணைப்பு சரிப்பட்டு வருவதில்லை. நான்கு ஒற்றைப் பிணைப்புகளாகப் பிரித்து நான்கு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது, ஒவ்வொரு ஆக்சிஜனும் அடுத்த சிலிக்கானைப் பிடிக்கிறது, முடிவில்லாமல் போகிறது பின்னல்.

இதைச் சொல்லும்போது நம் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் தாண்டமுடியாது. குடகில் கிளம்பி ஏறக்குறைய 800 கிலோமீட்டர் வரும் காவிரி வழியெல்லாம் கருங்கல் வகைப் பாறைகளை அரித்துக்கொண்டு வருகிறது. அந்தப் பாறையில் முக்கியமாகக் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா மூன்றும் கலந்திருக்கும். குவார்ட்ஸ் முப்பரிமாணப் பின்னல், ஓட்டையே இல்லை, தண்ணீரும் மழையின் லேசான அமிலமும் லட்சக்கணக்கான வருஷம் முயன்றாலும் உருவம்தான் தேயுமே தவிர பொருள் மாறாது. அது மணலாக வந்து சேர்கிறது. ஃபெல்ஸ்பாரும் பின்னல்தான், ஆனால் சில சிலிக்கான் இடங்களில் அலுமினியம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் குறையும் மின்சுமைக் கணக்கைச் சரிக்கட்ட பொட்டாசியம், சோடியம், கால்சியம் அயனிகள் (மின்சுமை ஏறிய அணுக்கள்) இடுக்கில் செருகியிருக்கின்றன. தண்ணீர் அந்த அயனிகளைக் கழுவி எடுத்துவிடுகிறது, அலுமினியம் இருக்கும் மூலையில் கட்டு தளர்கிறது, பின்னல் குலைந்து ஏடு ஏடான களிமண் தாதுவாக மறுபடி கட்டப்படுகிறது. ஆற்றில் மணலும் வயலில் களியும் கிடப்பது இந்த வித்தியாசத்தால்தான். மணலில் மினுக்கும் காக்காப்பொன் மூன்றாவது ஆள், மைக்கா. அது ஏடுகளாலானது, ஏடுகளுக்கு நடுவே பொட்டாசியம் அயனிகள் இருந்து இரு பக்கத்தையும் பிடித்துவைத்திருக்கின்றன. நகத்தால் உரித்தால் தாள் தாளாக வரும், ஆனால் தண்ணீரில் போட்டால் ஊறாது.

வயல் களி ஊறும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் கனமான களி வயல்களில் சித்திரை வைகாசியில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பாளம் பாளமாக வெடித்து வெடிப்புக்குள் முழங்கை போகும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து ஏறியதும் சில நாளில் வெடிப்பு இருந்த இடமே தெரியாது. அந்த மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களித்தாது நிறைய இருக்கிறது. அதன் ஏடு ஒவ்வொன்றும் சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனோடு போட்ட சகப்பிணைப்புத் தகடு, நல்ல உறுதி. ஆனால் ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே இருப்பது கால்சியம், சோடியம் போன்ற அயனிகளின் மெல்லிய கட்டுதான். மைக்காவில் இருப்பதைவிட மின்சுமை குறைவு. தண்ணீர் மூலக்கூறுகள் அந்த அயனிகளைச் சூழ்ந்துகொள்ள உள்ளே நுழைகின்றன, ஏடுகள் விலகுகின்றன. காய்ந்திருக்கும்போது ஏட்டுக்கு ஏடு சுமார் 1 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் ஊறியதும் ஒன்றரை, அதற்கு மேலும் போகும். ஒவ்வோர் ஏட்டிலும் அரை நானோமீட்டர், அது கோடிக்கணக்கில் கூடி வயல் உப்புகிறது; தண்ணீர் போனதும் அத்தனையும் சுருங்கி வெடிக்கிறது. இதே களியில் கயோலினைட் வகை மட்டும் இருந்தால் இவ்வளவு ஆட்டம் இருக்காது, அங்கே ஏடுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன, தண்ணீருக்கு இடம் கொடுப்பதில்லை. டெல்டாவில் வீடு கட்டுபவர்கள் அஸ்திவாரத்தில் மணல் நிரப்பச் சொல்வதற்கும், சுவர் மூலைவாக்கில் விரிசல் விடுவதற்கும் பின்னால் இந்த அரை நானோமீட்டர்தான் இருக்கிறது. ஆனால் அதே களியைச் செங்கல்லாக அறுத்துச் சூளையில் வைத்துவிட்டால் 500, 600 டிகிரியில் ஏட்டிலேயே கட்டுண்டிருக்கும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதிகள் தண்ணீராக வெளியேறி ஏடே குலைந்துவிடும். அப்புறம் எவ்வளவு ஊறவைத்தாலும் அது மண்ணாகாது.

அடுத்தது உப்பு. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து கூட்டத்தோடு நடந்துபோய் அள்ளிய அதே வேதாரண்யத்து உப்பு. கல்லுப்பை உள்ளங்கையில் கொட்டி வெயிலில் பார்த்தால் சதுர மூலைகள் தெரியும். ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இங்கே மூலக்கூறு கிடையாது, "ஒரு சோடியம் குளோரைடு மூலக்கூறு" என்று பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போகும். உருக 801 டிகிரி ஆகிறது, ஏனென்றால் அறுக்கவேண்டியது பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் நடுவே உள்ள இழுப்பையே. மின்சுமை கூடினால் இழுப்பு எவ்வளவு கூடும் என்று பார்க்க மெக்னீசியம் ஆக்சைடைப் பக்கத்தில் வையுங்கள். அதே அடுக்கு, அதே அமைப்பு, ஆனால் இரண்டு பிளஸ்ஸும் இரண்டு மைனஸ்ஸும். அயனிகள் சிறியவை என்பதால் நெருக்கமும் அதிகம். படிகக்கூடு ஆற்றல், அதாவது அயனிகளைத் தனித்தனியாகப் பிரிக்க ஆகும் ஆற்றல், உப்புக்கு மோலுக்கு 787 கிலோஜூல், இதற்கு அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். உருகுநிலை 2,852 டிகிரி. இரும்பாலை உலைகளின் உட்சுவருக்கு மெக்னீசியா செங்கல் வைக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை.

இவ்வளவு வலுவாக இருந்தும் உப்பு ஏன் நொறுங்குகிறது? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. அயனிப் படிகம் பக்கத்தில் யார் என்று பார்க்கும். ஓர் அடுக்கை ஓர் இடம் தள்ளினால் பிளஸ்ஸுக்கு நேரே பிளஸ் வந்து நிற்கும், இழுத்துக்கொண்டிருந்தது தள்ள ஆரம்பிக்கும், படிகம் அந்தத் தளத்திலேயே பிளந்துகொள்ளும். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திவிடுகிறது. உண்மை கொஞ்சம் நுணுக்கமானது. மூலைவாக்கில் தள்ளினால் பிளஸ்ஸுக்குப் பிளஸ் நேருக்கு நேர் வராமலே நழுவ முடியும். அதனால் நல்ல ஒற்றை உப்புப் படிகத்தை வெந்நீரில் வைத்து மெதுவாக அழுத்தினால் வளையவே செய்யும். மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய கீறல்கள்தான் சாதாரணமாக அதை உடைத்துவிடுகின்றன, வெந்நீர் அந்தக் கீறல்களைக் கரைத்து எடுத்துவிடுகிறது. இருந்தாலும் நழுவக்கூடிய திசைகள் குறைவு, உலோகம் மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்துகொடுக்க முடியாது.

திருஷ்டி சுற்றி உப்பையும் மிளகாயையும் அடுப்பில் போடும்போது படபடவென்று வெடிக்கிறதே, அதுவும் இந்த வளைந்துகொடுக்காத குணத்தால்தான். பாத்தியில் படிகம் வளரும்போது கொஞ்சம் உப்புத்தண்ணீர் உள்ளேயே சிறைப்பட்டுப்போகிறது. நெருப்பில் அது நீராவியாகி அழுத்துகிறது. சுவர் கொஞ்சம் நெளிந்து இடம் கொடுத்தால் தப்பிக்கலாம், உப்புக்கு அது தெரியாது, பிளந்து தெறிக்கிறது. கண்ணேறுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டியது. ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிவதும் அயனி விவகாரமே. சுத்தமான உப்பு காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசியும். ஆனால் கடல் உப்போடு ஒட்டிக்கொண்டு வரும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்னாலேயே தண்ணீரை இழுக்கும், ஏனென்றால் மெக்னீசியம் அயனி சின்னது, இரட்டைச் சுமை, தண்ணீர் மூலக்கூறைக் கண்டால் விடாது.

உலோகம். இதற்குச் சுவாமிமலையைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு விக்கிரகம் வார்க்கும் பட்டறையில் அட்டவணையின் நாலு கட்டமும் ஒரே கூரைக்குக் கீழ் வேலை செய்கின்றன என்று சொன்னால் பெரிய மிகையில்லை. முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து உருக்கிய மெழுகில் உருவம் செய்கிறார்கள். மெழுகு நீண்ட மூலக்கூறுகளின் கூட்டம், நடுவே வாண்டர் வால்ஸ் விசை மட்டும். கைச்சூட்டில் இளகும், 65 டிகிரிக்குள் ஓடிவிடும். அதன்மேல் காவிரியின் மைபோன்ற வண்டலைப் பூசுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி மெழுகின் நகக்கண் மடிப்பு வரை போய் ஒட்டிக்கொள்கின்றன. மேலே முரட்டு மண் பூச்சு, காயவைத்தல், அப்புறம் சூடு. மெழுகு வழிந்து போய்விடுகிறது, மண் நிற்கிறது. ஏன் நிற்கிறது? சூடு மெழுகில் அவிழ்த்தது மூலக்கூறுகளுக்கு நடுவே இருந்த லேசான ஒட்டலை, மண்ணில் அறுக்கவேண்டியிருப்பது சிலிக்கான்-ஆக்சிஜன் பின்னலை. செம்பு தனியாக உருக 1,085 டிகிரி. அதோடு பித்தளையும் காரீயமும் சேர்ந்த கலவை அதற்குக் கொஞ்சம் குறைவாகவே உருகும், அதை அந்த மண் கூடு தாங்குகிறது. உலோகத்தை உருக்கும் மூசை கிராஃபைட்டாக இருந்தால் அதன் ஏட்டுக்குள் கார்பன்கள் 0.142 நானோமீட்டரில் நெருக்கமாகக் கோத்திருக்கின்றன, 3,000 டிகிரியும் அதற்கு ஒரு பொருட்டில்லை. அதே கிராஃபைட் பென்சிலில் தாளில் உரசினால் கழன்று வருகிறது, ஏனென்றால் ஏட்டுக்கு ஏடு 0.335 நானோமீட்டர், நடுவே லேசான ஒட்டல். உருக்க ஒரு பிணைப்பை அறுக்கவேண்டும், எழுத இன்னொன்றை அறுத்தால் போதும்.

மண்ணை உடைத்து விக்கிரகத்தை வெளியே எடுத்தபின்தான் உளி வேலை. உளி நகையின் விளிம்பைச் செதுக்கும்போது செம்பு சுருண்டு சுருண்டு வருகிறது, உடைந்து தெறிப்பதில்லை. செம்பில் ஒவ்வொரு அணுவும் தன் வெளி எலக்ட்ரானைப் பொதுவில் போட்டுவிட்டது. அந்த எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் முழுக் கட்டியிலும் பரவிக்கிடக்கின்றன. மின்சாரம், சூடு கடத்துவதற்கும் பளபளப்புக்கும் அதுவே காரணம். ஓர் அடுக்கை ஓர் இடம் தள்ளினால் புதிய பக்கத்து அணுவும் அதே மாதிரி பிளஸ், அதே பொது எலக்ட்ரான்கள், எதுவும் மாறியதாகவே படிகத்துக்குத் தெரியாது. ஆனால் முழு அடுக்கும் ஒரே மூச்சில் நகர்வதில்லை. கல்யாண மண்டபத்தில் பெரிய ஜமுக்காளத்தை நகர்த்தவேண்டுமானால் மொத்தமாக இழுக்காமல் ஓர் ஓரத்தில் சுருக்கம் ஒன்றை உண்டாக்கி அதைக் காலால் தள்ளிக்கொண்டே போவோம், அந்த மாதிரி படிகத்தில் ஏற்கெனவே இருக்கும் இடப்பெயர்வு என்ற வரிக்குறை (ஒரு கோடு நெடுக அணு வரிசை தப்பிய இடம்) ஒன்று அடுக்கு வழியாக ஓடிப்போகிறது. அதனால்தான் உலோகம் கணக்குப்படி தாங்கவேண்டியதில் மிகச் சிறு பங்கு விசைக்கே வளைந்துவிடுகிறது. தங்கம் இதில் எல்லை: ஒரு கிராமை 0.1 மைக்ரோமீட்டர் தகடாகத் தட்டினால் அரை சதுர மீட்டர் பரப்பு வரும், தடிமனில் சில நூறு அணுக்கள்தான் இருக்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு ஒட்டமுடிகிறது என்றால் இந்தத் தாராள மனசு எலக்ட்ரான்களால்.

வரிக்குறை ஓடும் பாதையில் தடை போட்டால் உலோகம் கடினமாகும். பாத்திரம் தட்டுபவர் நடுநடுவே அதைச் செந்தணலில் காட்டி ஆறவிடுகிறாரே, தட்டத் தட்ட வரிக்குறைகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, சூடு அந்தச் சிக்கலை எடுத்துவிடுகிறது. இன்னொரு தடை, அளவு ஒத்துவராத அணுவைக் கலப்பது. செம்பில் வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம், செம்பைவிடக் கடினம். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் போனால் செம்பும் வெள்ளீயமும் குறிப்பிட்ட விகிதத்தில், குறிப்பிட்ட ஒழுங்கில் கட்டிக்கொள்ளும் சேர்மங்கள் உள்ளே உருவாகின்றன. அவை மறுபடியும் பக்கத்தில் யார் என்று பார்க்கிற ஜாதி. நழுவல் நின்றுபோகிறது, அதனால் மணி நீண்ட நேரம் ஒலிக்கிறது, தட்டினால் ஆற்றலை விழுங்க உள்ளே ஆள் இல்லை. கீழே போட்டால் விரிசல் விடுவதும் அதனாலேயே.

இனி ஈயச் சொம்பு, கும்பகோணம் பக்கத்து ரச விவகாரம். அது காரீயம் அல்ல, வெள்ளீயம். உருகுநிலை 232 டிகிரி. உள்ளே ரசம் இருக்கும்வரை தண்ணீர் அதை 100 டிகிரியை ஒட்டியே பிடித்துவைக்கும், ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு புளி கரைக்கத் திரும்பினால் முடிந்தது. அடிப்பக்கம் முதலில் கொஞ்சம் மங்கும், அப்புறம் ஓர் ஓரம் தொங்கும், அடுத்த நொடி பர்னர் மேல் வெள்ளித் துளிகள். ஆனால் கவனியுங்கள், உருகிய அந்தத் துளியும் உலோகமே, மின்சாரம் கடத்தும், பளபளக்கும். அதைக் கொதிக்கவைக்க 2,600 டிகிரி ஆகும். 232-க்கும் 2,600-க்கும் நடுவே இவ்வளவு தூரம் ஏன் என்றால், உருகும்போது உலோகப் பிணைப்பு அறுவதில்லை, அணுக்கள் வரிசை கலைகிறது, அவ்வளவுதான். பொது எலக்ட்ரான்கள் அப்படியே இருக்கின்றன. ஆகவே உருகுநிலையை மட்டும் வைத்து "உலோகப் பிணைப்பு பலவீனம்" என்று தீர்ப்பு எழுதக்கூடாது.

வெள்ளீயத்துக்கு இன்னொரு முகம் உண்டு, இதைத் தங்கைக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அது கார்பன், சிலிக்கான் இருக்கும் அதே தொகுதியில் கீழே உட்கார்ந்திருக்கிறது. 13 டிகிரிக்குக் கீழே அது உலோகமாக இருப்பதைவிட, வைரத்தின் அதே அமைப்பில் நான்கு நான்கு சகப்பிணைப்பு போட்டுக்கொள்வதையே விரும்புகிறது. சாம்பல் வெள்ளீயம் என்பார்கள். அணு மாறவில்லை, பிணைப்பு மட்டும் மாறியது, அடர்த்தி 7.3-இலிருந்து 5.8-க்கு இறங்குகிறது, அந்தப் பருமன் பெருக்கத்தில் பாத்திரம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். வைர அமைப்பு என்றாலும் வைரத்தின் கடினம் வராது, பெரிய அணுக்கள், நீளமான தொய்ந்த பிணைப்புகள். குளிர்தேசத்தில் இது நிஜமான தொல்லை. இந்த மாற்றம் வேகம் பிடிக்க பூஜ்யத்துக்கு வெகு கீழே போகவேண்டும், மார்கழி விடியலில்கூட நமக்கு அந்தக் குளிர் கிடையாது. நம் ஊர் ஈயச் சொம்புக்கு எமன் கேஸ் அடுப்பு மட்டும்தான்.

வைரத்தைச் சுத்தியலால் அடித்தால் உடையாது என்று சினிமாவில் பார்த்து நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உடையும். கடினம் என்றால் கீறமுடியாது என்று அர்த்தம், அடி தாங்கும் என்றல்ல. சகப்பிணைப்பு திசை பார்க்கும். நாலு கைகளும் குறிப்பிட்ட கோணத்தில் நீண்டிருக்கவேண்டும், நழுவி இன்னொருவரைப் பிடிக்க இடமில்லை. வெட்டும் தொழிலாளிகள் பிணைப்பு குறைவாகக் குறுக்கிடும் தளம் பார்த்துத் தட்டியே கல்லைப் பிளக்கிறார்கள். நகைக்கடையில் ஊசி மாதிரி ஒரு கருவியால் தொட்டு வைரமா என்று பார்ப்பது அதன் சூடு கடத்தும் குணத்தை வைத்து. பொது எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லாமல், இறுக்கமான பிணைப்புகளின் அதிர்வாலேயே வைரம் செம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. சூடு கடத்தினால் மின்சாரமும் கடத்தும் என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்பவர்கள் இங்கே விழுவார்கள்.

பிளாஸ்டிக் எந்தக் கட்டம் என்று கேட்டதற்கு: மூலக்கூறு, சகப்பிணைப்பு என்ற இரண்டில் ஒன்றை ஒட்டி வரும், எந்த பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்து. பாலித்தீன் பை ஆயிரக்கணக்கான கார்பன்கள் கோத்த நீளச் சங்கிலிகள், சங்கிலிக்குள் சகப்பிணைப்பு, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே மெழுகில் இருந்த அதே லேசான விசை. சூடு பட்டால் சங்கிலிகள் ஒன்றையொன்று தாண்டி வழுக்கும், பை இளகி ஓடும், மறுபடி வார்க்கலாம். பிரஷர் குக்கர் கைப்பிடியின் பேக்கலைட்டில் சங்கிலிகளுக்குக் குறுக்கேயும் சகப்பிணைப்பு போட்டுக் கட்டியிருக்கிறார்கள், கைப்பிடி முழுவதும் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறு. அதை உருக்க முடியாது. ரொம்பச் சுட்டால் கருகும், ஏனென்றால் அங்கே அறுப்பதற்கு லேசான பிணைப்பு என்று எதுவும் தனியாக மிச்சமில்லை.